காது மட்டுந்தானா?

கொங்கு நாட்டுக் கிராமங்களிலிருந்து செவி கேளாத பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயமுத்தூருக்கு வரும் தாய்மார், பள்ளியில் சேர்க்கும்போதும் சரி, பின்னர் மருத்துவக் குழுவின் முன் நிற்கும்போதும் சரி, பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லுகிறார்கள்: "காது மட்டுந்தானுங்க கேக்கல, மத்தபடி எம்புள்ளைக்கு ஒரு கொறையுமில்லீங்க." அந்தச் சொல்லில் பெற்ற மனம் தனக்குத் தானே தேடிக்கொண்ட ஆறுதல் இருக்கிறது, பிள்ளையை ஊரார் இளக்காரமாகப் பேச விடக்கூடாது என்ற மானமும் இருக்கிறது. மிகப் பல குழந்தைகளின் விஷயத்தில் அது முழு உண்மையும் ஆகும். ஆனாலும் வைத்திய சாஸ்திரம் அந்த வாக்கியத்தைச் சோதிக்காமல் ஏற்பதற்கில்லை. காதைப் பழுதாக்கிய அதே காரணம், சில குழந்தைகளின் கண்ணையோ, இருதயத்தையோ, உடம்பின் சமநிலையையோ கூடத் தொட்டுவிட்டுப் போயிருக்கக்கூடும். செவிகேளாப் பள்ளியில் நடக்கிற உடற்பரிசோதனை மற்றப் பள்ளிகளில் நடப்பதிலிருந்து வேறுபட வேண்டியிருப்பது இதனால்தான்.

கோயமுத்தூரில் ஆர்.எஸ்.புரத்தில் மாநகராட்சி நடத்தும் பள்ளியும், டவுன்ஹால் பக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபையார் நடத்தும் பள்ளியும் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஏற்பட்டவை. தமிழகத்தில் இந்தக் கல்விக்கு வித்திட்டவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற ஆங்கில மாது. அதற்குச் சற்று முன்பின்னாகப் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இத்தகைய பள்ளிகள் தோன்றியிருந்தன. உலகெங்கும் அக்காலத்து ஆசிரியர்களின் சிந்தையையெல்லாம் ஆக்கிரமித்திருந்த விவாதம் ஒன்றே: இந்தக் குழந்தைகளை வாயால் பேசப் பழக்குவதா, கையால் பேச விடுவதா என்பது. 1880-இல் இத்தாலி தேசத்து மிலான் நகரில் கூடிய மாநாடு கையைக் கட்டிப்போட்டு வாயைத் திறக்கச் சொல்லித் தீர்மானித்தது. அதன் நிழல் ஒரு நூற்றாண்டு காலம் பள்ளிகளின் மேல் விழுந்து கிடந்தது. இந்தத் தர்க்கத்தின் மத்தியில் பிள்ளையின் பல், கண், வயிறு, இருதயம் ஆகியவை பின்தள்ளப்பட்டதில் ஆச்சரியமில்லை. பொதுப் பள்ளிகளிலேயே அவை வெகு காலம் கவனிப்பாரற்றுத்தான் இருந்தன; இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளை வைத்தியர் பரிசோதிக்கும் வழக்கம் 1909-இல் பரோடா நகரத்தில்தான் முதன்முதலாகத் தொடங்கியது.

இப்போது அந்தக் குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. 2013-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, பிறந்த சிசு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை, மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளின் கீழ் முப்பது நிலைகளைத் தேட வேண்டும். சந்தேகப்பட்ட பிள்ளையை மாவட்டத் தலைமை மருத்துவமனையைச் சார்ந்த இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். எடை பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள், கண்ணிமையைக் கீழே இழுத்து ரத்தசோகை உண்டா என்று நோக்குகிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள், குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். திட்டம் நல்ல திட்டமே. குறை சொல்ல வேண்டுமானால், அது காது கேட்கிற பிள்ளையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்று சொல்லலாம்.

எப்படியெனில், வைத்தியத்தில் பாதி கேள்வியால் நடப்பது. "எங்கே வலிக்குது கண்ணு? எப்ப இருந்து? சாப்பிட்டதுக்கு அப்புறமா, முன்னாடியா?" என்று டாக்டர் கேட்க, பிள்ளை பதில் சொல்ல, அதிலிருந்தே நோயின் திசை புலப்படுகிறது. செவிகேளாப் பள்ளியிலோ டாக்டர் முகக்கவசம் அணிந்துகொண்டு, குனிந்து எழுதிக்கொண்டே கேட்கிறார். உதடும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. பிள்ளை மரியாதைக்காகத் தலையாட்டுகிறது. 'ஆம்' என்று தலையாட்டுவது அந்தப் பிள்ளைகள் வெகு சிறு வயதிலேயே கற்றுக்கொள்ளும் தற்காப்பு என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். வெளியாருக்கு அது தெரியாது. வயிற்றுவலியா என்றால் தலையாட்டும். வலி இல்லையே என்றாலும் தலையாட்டும். ஆகவே சைகை தெரிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று இருபுறமும் சொல்லி விளக்காத பரிசோதனையை நான் பரிசோதனை என்றே கருதமாட்டேன். படிவத்தை நிரப்பும் சடங்கு என்றுதான் அதற்குப் பெயர். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு அந்த ஆசிரியர் ஒரு பெண்ணாயிருக்க வேண்டியது இன்னும் அவசியம். மாதவிலக்கு என்றால் என்னவென்று, கேட்கும் பெண்குழந்தை அத்தையும் அக்காளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதிலிருந்தே பாதி தெரிந்துகொண்டுவிடும். அந்த அரைகுறைப் பேச்சுக்கூட இவளுக்குக் கிட்டுவதில்லை.

இனி இருதயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1957-ஆம் ஆண்டில் நார்வே தேசத்தைச் சேர்ந்த ஆன்டன் ஜெர்வெல், ஃபிரெட் லாங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு குடும்பத்தின் கதையை எழுதினார்கள். ஆறு குழந்தைகள், அவர்களில் நால்வர் பிறவியிலேயே செவி கேளாதவர்கள், அந்த நால்வரும் ஓடும்போதோ திடுக்கிடும்போதோ மயங்கி விழுபவர்கள். மூவர் நான்கு, ஐந்து, ஒன்பது வயதுகளில் திடீரென்று இறந்துபோனார்கள். பெற்றோருக்கு ஒரு குறையுமில்லை. குழந்தைகளின் இருதயத்தில் ஓசை இல்லை, வீக்கம் இல்லை. ஸ்டெதாஸ்கோப்பு எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஈ.சி.ஜி. காகிதத்தில் மாத்திரம், ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னர் இருதயம் தன்னைத் தயார் செய்துகொள்ள எடுக்கும் நேரம் வழக்கத்துக்கு மீறி நீண்டிருந்தது. காதுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற புதிருக்கு விடை நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மரபணு ஆராய்ச்சியில் கிடைத்தது. உட்செவியின் நத்தைக்கூட்டில் நிறைந்திருக்கும் திரவத்துக்குப் பொட்டாசியம் உப்பு தேவை. அந்த உப்பைக் கடத்திவிடும் அணுவளவான வாயில் ஒன்றும், இருதயத் தசையில் அதே உப்பை வெளியேற்றும் வாயில் ஒன்றும் ஒரே மரபணுவின் கட்டளைப்படி அமைகின்றன. அது பழுதானால் இரண்டு வாயிலும் சேர்ந்தே அடைபட்டுப் போகின்றன.

இது மிக அரிதான நோய்; செவி கேளாத குழந்தைகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட இருப்பதில்லை. அப்படியிருக்க அதைப் பற்றி இவ்வளவு நீட்டுவானேன் என்று வாசகர் கேட்கலாம். முதலாவது, இதைக் கண்டுபிடிக்க ஆகும் செலவு ஒரு காகிதச் சுருளும் ஐந்து நிமிஷமும்தான். இரண்டாவது, கண்டுபிடித்துவிட்டால் தினந்தோறும் சாப்பிடும் மாத்திரையாலும், தேவைப்பட்டால் மார்பில் பொருத்தும் கருவியாலும், அபாயத்தைப் பெரிதும் குறைக்கலாம். கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பிள்ளை விழுவதையெல்லாம் காக்காய்வலிப்பு என்று எண்ணிச் சாவிக்கொத்தைக் கையில் திணித்துக்கொண்டிருப்போம். மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது. அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மேற்சொன்ன பழுது, தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்குமாக இரண்டு பங்கும் சேர்ந்து வந்தால் மாத்திரமே நோயாக வெளிப்படும். ஒரு பங்கை மட்டும் உடையவருக்குக் காது நன்றாகக் கேட்கும். தாய் தந்தை இருவரும் ஒரே பாட்டனின் வழியில் வந்தவர்களாயின், அந்த ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சந்திக்க வாய்ப்பு அதிகம். அண்மைக் காலத்துத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உறவுக்குள் நடக்கும் விவாகங்கள் மிகுதியாக உள்ள மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு நிற்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் உறவிலேயே வாழ்க்கைப்பட்டவள். கொங்கு நாட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "நாங்க கூட்டம் பாத்துத்தானுங்க கட்டுறோம், பங்காளிக்குள்ள எடுக்கறதில்லை" என்பார்கள். அது மெய்தான். ஒரே கூட்டத்தாரை உடன்பிறந்தார் முறையாகக் கருதி விலக்கும் அந்த நியதியில், ரத்தக் கலப்பைப் பற்றிய முன்னோரின் ஜாக்கிரதை தெரிகிறது. ஆனால் கூட்டம் என்பது தந்தைவழியை மாத்திரம் எண்ணுவது. தாய்மாமன் மகள் வேறு கூட்டமானாலும், அவளுடைய அப்பனும் இவனுடைய ஆத்தாளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளும் இவனும் தங்கள் பாரம்பரியத்தில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டுகிற தாய்மாமனோ நான்கில் ஒரு பங்கை அவளோடு பகிர்ந்துகொண்டிருக்கிறான். இப்படி விவாகம் செய்துகொண்டோரின் குழந்தைகளில் பெரும்பாலோர் சுகமாகவே பிறக்கிறார்கள் என்பதையும், உறவில்லாத தம்பதிகளுக்கும் செவி கேளாத குழந்தை பிறக்கிறது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழியெல்லாம் கடைசியில் ஒரு பெண்ணின் தலையில்தான் வந்து விழும்.

கண்ணைக் கவனியாத செவிகேளாப் பள்ளி என்று ஒன்று இருக்கவே கூடாது. கேட்கும் பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால், ஆசிரியரின் குரலைக் கொண்டு பாடத்தைத் தொடர்ந்துவிடும். இந்தப் பிள்ளைக்கோ கண்ணே காது; சைகையும் உதட்டசைவும் எழுத்தும் அந்த ஒரே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். மந்தமாயிருக்கிறான் என்று முத்திரை குத்தப்பட்ட பையன், ஒரு மூக்குக்கண்ணாடி மாட்டியதும் வகுப்பில் தலையெடுத்துவிடுவதுண்டு. கண் வைத்தியத்துக்குக் கோயமுத்தூரில் பஞ்சமில்லை. சங்கரா கண் மருத்துவமனையும், பின்னர் வந்த அரவிந்த் மருத்துவமனையும் கொங்கு நாடு முழுவதும் முகாம் நடத்தி அனுபவம் பெற்றவை. ஆனால் சுவரில் எழுத்தை ஒட்டிப் படிக்கச் சொல்லுவது மாத்திரம் போதாது. பிறவியிலேயே செவி கேளாத சில குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டி மாலைக்கண் தோன்றும். பிறகு பக்கப் பார்வை சிறுகச் சிறுகச் சுருங்கும். அஷர் நோய் என்று அதற்குப் பெயர். இதுவும் இருபெற்றோரிடமிருந்தும் வரும் பரம்பரைக் கோளாறே. நேர்ப்பார்வை வெகு காலம் வரை நன்றாக இருப்பதால் எழுத்துப் பலகையை அந்தப் பிள்ளை தடையில்லாமல் படித்துவிடும். ஆகவே வைத்தியரைவிட விடுதிக் காப்பாளர்தான் அதை முதலில் கண்டுகொள்ள முடியும். விளக்கு வைக்கும் நேரத்தில் படியில் தடுக்கி விழுகிற பிள்ளை, பந்து பக்கவாட்டில் வந்தால் தவறவிடுகிற பிள்ளை, இருட்டில் யாரோடும் சைகை பேசாமல் ஒதுங்கிக்கொள்கிற பிள்ளை: இவர்களைக் குறித்து வைத்து அனுப்பினாலே பாதி வேலை முடிந்தது.

பரம்பரையால் வராத செவிக்குறைகளும் அநேகம். 1941-இல் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஒரே சமயத்தில் பலர் வருவதைக் கண்டு விசாரித்ததில், அவர்களுடைய தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் அம்மை கண்டிருந்தது தெரியவந்தது. செவியும் இருதயமும் அதே அம்மையால் பழுதாவதும் வெளிப்பட்டது. நம் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலை செருகுவார்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வார்கள்; ரூபெல்லாவோ இரண்டு நாள் லேசான காய்ச்சலும் நாலு சிவப்புப் புள்ளியுமாக, வேப்பிலைக்கே வேலை வைக்காமல் போய்விடுகிறது. தாய்க்கு நினைவே இராது. 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கத்தில் முதலில் இறங்கிய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பள்ளிகளில் அப்போது எழுந்த வீண் வதந்திகளை மீறி ஊசி போட்டதன் பலனை இனி வரும் தலைமுறை அனுபவிக்கும். அதற்கு முன் பிறந்து இப்போது மேல்வகுப்பில் படிக்கிற பிள்ளைகளின் கண்ணையும் இருதயத்தையும் அந்தக் காரணத்துக்காகவும் பார்த்துவிடுவது நல்லது.

கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறையைக் குடைந்து இறக்கியவை. ஆழமும் இருளும் உடையவை. நம் பையன்கள் சுரைக்குடுவையையோ பிளாஸ்டிக் கேனையோ முதுகில் கட்டிக்கொண்டு நீந்தக் கற்பது அவற்றில்தான். 1882-இல் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு விசித்திரமான சோதனை நடத்தினார். செவி கேளாதவர்கள் 519 பேரைச் சுழற்றிவிட்டுப் பார்த்ததில் 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை. ஹார்வர்டு கல்லூரியைச் சேர்ந்த, காது கேட்கிற ஏறத்தாழ இருநூறு பேரிலோ அப்படி இருந்தவர் ஒரே ஒருவர். உட்செவியில் கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே உடம்பின் சமநிலையை உணர்த்தும் உறுப்பும் இருக்கிறது. ஒன்று கெடும்போது மற்றதும் கெட்டுவிடுவதுண்டு. தரையில் நிற்கும்போது கண்ணும் காலும் அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். தண்ணீருக்குள் முழுகியவுடன் கால் ஊன்ற இடமில்லை, கண்ணுக்கு வெளிச்சமில்லை. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போகும். சிலர் இப்படித் தண்ணீருக்கடியில் திசை மயங்குவதை ஜேம்ஸே குறித்திருக்கிறார். நடக்கத் தாமதித்த பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க முடியாத பிள்ளை, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அதன் தகப்பனாரிடம், "தனியாக் கிணத்துல எறங்க விடாதீங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டியது பள்ளியின் கடமை. கண்ணை மூடி நிற்கச் சொல்லும் இந்தப் பரிசோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை என்பதுதான் குறை.

இவ்வளவு சொல்லிவிட்டுக் காதை மறந்துவிடக்கூடாது. கேளாத காதுக்கும் நோய் வரும். சீழ் வடிகிற காதில் கருவியின் அச்சை அடைத்து வைத்தால் காற்றோட்டமின்றிப் புண் முற்றும். வீட்டில் காய்ச்சி விடுகிற எண்ணெய் அதை இன்னும் மோசமாக்கும். வளரும் பிள்ளையின் காதும் வளர்வதால் அச்சு தளர்ந்து, கருவி கீச்சென்று கத்தத் தொடங்கும். அந்தக் கீச்சொலி அணிந்திருப்பவனுக்குக் கேட்காது, வகுப்பில் நிற்பவருக்குத்தான் கேட்கும். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. அது பெரிய உபகாரம். எனினும் அறுவைச் சிகிச்சையோடு கதை முடிவதில்லை. வெளியே அணியும் பாகத்தின் கம்பி அறும், பேட்டரி தீரும். தறி ஓட்டிக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தாளாது. பழுதான கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு வெறும் காதோடு பள்ளிக்கு வருகிற பிள்ளை எத்தனை நாளாக அப்படி வருகிறது என்பதை, எடை உயரத்தோடு சேர்த்துக் குறித்தால் என்ன?

மனத்தின் நலம் தனியே பேச வேண்டிய விஷயம். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் ஒருவருக்கும் சைகை தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை கைகளால் ஓயாமல் பேசிச் சிரித்த பெண், வெள்ளி மாலை பஸ் ஏறி ஊருக்குப் போனால் 'சாப்பிடு', 'தூங்கு', 'வா' என்ற நாலைந்து ஜாடைகளுக்குள் அடங்கிவிடுகிறாள். விடுமுறை முடிந்து திரும்பும்போது முகம் வாடியிருந்தால் காய்ச்சலா என்று மாத்திரம் பார்த்து விட்டுவிடக்கூடாது. யாராவது தவறாக நடந்துகொண்டிருந்தாலும் அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை வேண்டும்; தன் உடம்பின் பாகங்களுக்கும், விருப்பமின்மைக்கும், பயத்துக்கும் உரிய சைகைகளை வெட்கப்படாமல் வகுப்பிலேயே கற்பித்திருந்தால்தான் அந்த வார்த்தை அவள் கையில் இருக்கும். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த சட்டம், இத்தகைய குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது சிறப்பாசிரியரின் உதவியைப் பெறலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. கற்பிக்காத சைகையைச் சிறப்பாசிரியரும் மொழிபெயர்க்க முடியாது.

பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு இந்த நாட்டில் வேலை கிடைக்கிறது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும், நூற்பாலைகளும், பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களும் ஆளைத் தேடிக்கொண்டேயிருக்கின்றன. இரைச்சல் இவர்களைப் பாதிக்காது என்று முதலாளிகள் நினைப்பதுண்டு; அது தவறு. சட்டப்படி எழுபது டெசிபல் குறைந்தவரைச் செவி கேளாதவர் என்கிறோமே தவிர, அவருக்கு எஞ்சியிருக்கும் சிறிது கேள்வியும் தறியின் இரைச்சலில் தேயக்கூடியதுதான். கருவியை மாட்டிக்கொண்டு தறியின் முன் நின்றால் அந்த இரைச்சல் பெருக்கப்பட்டே உள்ளே போகும். மாலைக்கண் தொடங்கிய பையனை இரவு ஷிப்டுக்கு அனுப்புவதில் உள்ள அபாயத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. மாற்றுச் சான்றிதழோடு மதிப்பெண் பட்டியலும், அடையாள அட்டையும் கையில் கொடுத்து அனுப்புகிற பள்ளிகள், கடைசியாக எடுத்த செவித்திறன் வரைபடத்தின் நகலையும், ஈ.சி.ஜி. காகிதத்தையும், கண் வைத்தியர் பக்கப் பார்வையைச் சோதித்து எழுதிய குறிப்பையும் அதே உறையில் வைத்துக் கொடுக்கலாம். பதினெட்டு வயது முடிந்தவுடன் நடமாடும் குழுவும் இடையீட்டு மையமும் அந்தப் பிள்ளையின் பெயரைத் தங்கள் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுகின்றன, அதன்பின் ஆஸ்பத்திரியில் யாராவது டாக்டர் "முன்னாடி ஏதாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால், நீட்டிக் காட்டுவதற்கு அவனிடம் அந்த உறை ஒன்றுதான் இருக்கும்.